நான் கண்ட முதல் நல்ல படம்

(மயிலாப்பூரில் இளைஞர் படிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சினிமாவைப் பற்றிப் பேச வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் சினிமா நிபுணன் அல்ல. பத்தாவது பாஸ் செய்தவன். அதற்குமேல் படிக்க வீட்டில் வழியில்லை. கூலிப் போராட்டத்தைப் பற்றிப் பேசு என்றால் இரண்டு மணி நேரம் பேசுவேன். சினிமாவைப் பற்றிப் பேசு என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். நான் எப்படிப் பார்த்தேன், பார்த்தபோது எனக்கு என்ன நேர்ந்தது என்று சொல்வது. அதைச் சொல்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள்.

இந்த மயிலாப்பூரில், பக்கிங்காம் கால்வாய் ஓரத்துக் குடிசையில் பிறந்தவன் நான். என் சிறு வயதில் எங்களுக்குச் சினிமா என்றால் காமதேனு தியேட்டர், கபாலி தியேட்டர். இன்று இரண்டும் இல்லை. காசு கிடைத்தால் டிக்கெட். கிடைக்காவிட்டால் தியேட்டர் சுவர் ஓரம் நின்று வசனம் கேட்போம். கதாநாயகன் பத்துப் பேரை அடிப்பான். நாங்கள் விசில் அடிப்போம். வெளியே வந்தால் கால்வாய் அதே நாற்றம்தான், குடிசை அதே ஒழுகல்தான். ஆனாலும் அந்த மூன்று மணி நேரம் எங்களுக்கு வேண்டியிருந்தது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. நாளெல்லாம் உழைத்தவன் கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் மறந்திருக்க ஆசைப்பட்டால் அவனைப் பழிக்க யாருக்கும் உரிமை கிடையாது.

ஆனால் மறக்க வைக்கிற படம் உண்டு. நினைக்க வைக்கிற படமும் உண்டு. இரண்டாவது ரகம் ஒன்று இருப்பதே பதினேழு வயது வரை எனக்குத் தெரியாது.

நைனாவின் துண்டு

அதைச் சொல்லுமுன் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். வடசென்னையில் ஒரு மில்லில் நெசவுப் பிரிவில் வேலை. விடியற்காலையில் இருட்டோடு எழுந்து சைக்கிளில் போவார். சங்கு ஊதுவதற்குள் கேட்டுக்குள் இருக்க வேண்டும். அந்த மில்லை மூடிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து நைனா சைக்கிளை விற்றார். சைக்கிள் போன பிறகு தூரத்து வேலைக்குப் போக முடியவில்லை. தூரத்து வேலைக்குப் போக முடியாததால் பக்கத்தில் கிடைத்த கூலிக்குப் போனார். அது பாதி நாள் உண்டு, பாதி நாள் இல்லை.

1995 பங்குனி. எனக்குப் பதினான்கு வயது. அறுபத்துமூவர் திருவிழா. மாடவீதியெல்லாம் ஜனக் கடல். பந்தலுக்குப் பந்தல் நீர்மோரும் பானகமும் கொடுக்கிறார்கள். நானும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ஒருவனும் பானகம் குடித்துக்கொண்டு வருகிறோம். ஒரு மளிகைக் கடை வாசலில் கூட்டம். கடைக்காரர் சத்தம் போடுகிறார். நூற்று நாற்பது ரூபாய் பாக்கி. எதிரே நிற்பது யார்? எங்கள் நைனா. ஒன்றும் பேசாமல் நிற்கிறார். கடைக்காரர் கையை நீட்டி அவர் தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டார். "கடனைக் குடுத்துட்டு இதை எடுத்துக்கினு போ!"

சிநேகிதன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "டேய், அது உங்க நைனா இல்ல?"

"இல்லடா" என்றேன்.

சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். பந்தலில் கொடுத்த பானகம் கையிலேயே இருந்தது.

அன்றிலிருந்து நைனாவிடம் எனக்குக் கோபம். ஏன் கோபம் என்று கேட்டால் அன்று சொல்லத் தெரியாது. நான் செய்த தப்புக்கு அவரிடம் கோபித்துக்கொண்டேன் என்று இன்று தெரிகிறது. மூன்று வருடம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆழ்வார்ப்பேட்டையில் ஒரு மாலை

பத்தாவது முடித்து ஓர் அச்சகத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே வயதான அச்சுக்கோப்புத் தொழிலாளர் ஒருவர் இருந்தார். ஈய எழுத்துகளைக் கோத்துக் கோத்து விரல் நுனியெல்லாம் கறுத்தவர். என்னை இந்த இயக்கத்துக்கு அழைத்து வந்தவர் அவர்தான். 1998இல் ஒருநாள், "வாடா, ஒரு படத்துக்குப் போகலாம். காசு வேணாம்" என்றார். காசு வேண்டாம் என்றதும் கிளம்பிவிட்டேன்.

ஆழ்வார்ப்பேட்டை கஸ்தூரிரங்கன் சாலையில் ரஷ்யக் கலாச்சார மையம் இருக்கிறதே, அங்கேதான் போனோம். சட்டை மடிப்புக் கலையாத மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பெரியவர் என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். விளக்கு அணைந்தது.

கறுப்பு வெள்ளைப் படம். இத்தாலிப் பாஷை. கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடுகிறது. நான் எழுத்துக் கூட்டுவதற்குள் அது போய்விடுகிறது. பாட்டு இல்லை, சண்டை இல்லை. பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது திரையில் ஒரு காட்சி வந்தது. ஒரு பெண் வீட்டுக் கட்டிலில் விரித்திருந்த படுக்கை விரிப்புகளை உருவி எடுக்கிறாள். அடகுக் கடைக்குக் கொண்டு போகிறாள். அந்தக் காசில் ஏற்கெனவே அடகில் இருக்கும் புருஷனுடைய சைக்கிளை மீட்கிறார்கள். அடகுக் கடை ஊழியன் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறான். அங்கே கூரை வரை அடுக்கடுக்காக ஊர் ஜனங்களின் படுக்கை விரிப்புகள்!

தோழர்களே, நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இங்கிலீஷ் எதற்கு? இத்தாலிப் பாஷைதான் எதற்கு? எங்கள் அம்மாவின் பித்தளைக் குடமும் இப்படித்தானே போயிற்று!

படத்தின் பெயர் சைக்கிள் திருடர்கள். 1948இல் வெளிவந்தது. எடுத்தவர் விட்டோரியோ டி சிகா. திரைக்கதையில் பெரும் பங்கு செஸாரே ஸவாட்டினி என்ற எழுத்தாளருடையது. கதை ஒரு வரிதான். யுத்தம் முடிந்த ரோமாபுரி. எங்கும் வேலையில்லாத் திண்டாட்டம். அந்தோனியோ என்பவனுக்குச் சுவரில் போஸ்டர் ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. முதல் நாளே சைக்கிளைத் திருடிவிடுகிறான் ஒருவன். அப்பனும் எட்டு வயது மகன் புரூனோவும் நகரமெல்லாம் தேடுகிறார்கள். கிடைக்கவில்லை. கடைசியில் வேறு வழி தெரியாமல் அந்தோனியோ தெருவில் நிற்கும் ஒரு சைக்கிளைத் தானே திருடப் பார்க்கிறான். ஊர் ஜனம் துரத்திப் பிடிக்கிறது. அடிக்கிறது. தொப்பி கீழே விழுகிறது. மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அந்தப் பையன் என்ன செய்தான் தெரியுமா? அழுதுகொண்டே கூட்டத்துக்குள் ஓடினான். அப்பனின் காலைக் கட்டிக்கொண்டான். கீழே விழுந்த தொப்பியை எடுத்துத் தூசி தட்டினான். சைக்கிளின் சொந்தக்காரர் பையனைப் பார்க்கிறார். போகட்டும் விடுங்கள் என்கிறார். அப்பனும் மகனும் நடக்கிறார்கள். அப்பன் அழுகிறான். பையன் தன் சின்னக் கையை நீட்டி அப்பன் கையைப் பிடித்துக்கொள்கிறான். இருவரும் ஜனத்திரளில் மறைகிறார்கள். படம் முடிந்தது.

விளக்கைப் போட்டார்கள். எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. எட்டு வயதுப் பையன் தொப்பியை எடுத்துத் தூசி தட்டினான். பதினான்கு வயதில் நான் துண்டை விட்டுவிட்டு நடந்தேன்!

அன்றிரவு லஸ் வழியாக வீட்டுக்கு நடந்தே போனேன். நைனா வாசலில் உட்கார்ந்திருந்தார். "சாப்ட்டியா?" என்று கேட்டார். மூன்று வருடமாக அவர் தினமும் கேட்கும் கேள்விதான். "இல்ல நைனா, உன்கூட சாப்பிடறேன்" என்றேன். அவ்வளவுதான் பேச முடிந்தது.

நடித்தவன் தொழிலாளி

இந்தப் படத்தில் அந்தோனியோவாக வந்தவர் லம்பெர்த்தோ மஜ்ஜொரானி. அவர் நடிகர் அல்ல. ரோமில் ஓர் ஆலைத் தொழிலாளி. ஓர் அமெரிக்கப் படத் தயாரிப்பாளர் பணம் தர முன்வந்தார். கேரி கிராண்ட் என்ற நட்சத்திர நடிகரைப் போட வேண்டும் என்று கேட்டார். டி சிகா மறுத்துவிட்டார். நல்ல விஷயம். ஆனால் பிறகு என்ன நடந்தது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். படம் முடிந்து மஜ்ஜொரானி ஆலைக்குத் திரும்பினார். ஆட்குறைப்பில் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். வேலை இல்லாதவனாக நடித்தவர் வேலை இல்லாதவராகவே ஆனார்! உலகம் அவர் படத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்த காலத்தில் அவர் கட்டட வேலைக்குப் போனார். படம் நன்றாக இருந்துவிட்டால் வாழ்க்கை தானாக மாறிவிடும் என்று யாராவது சொன்னால் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அந்த ஒரு படம் எத்தனை பேரை எழுப்பிவிட்டது என்று பாருங்கள். சத்யஜித் ராய் 1950இல் லண்டனில் அதைப் பார்த்தார். நாமும் இப்படித்தான் எடுக்க வேண்டும் என்று தீர்மானித்தார். மனைவியின் நகையை அடகு வைத்தார். கடைசியில் மேற்கு வங்க அரசின் பணத்தில் பதேர் பாஞ்சாலி முடிந்து 1955இல் வெளிவந்தது. 1952 ஜனவரியில் பம்பாயில் தொடங்கிய முதலாவது சர்வதேசத் திரைப்பட விழாவிலும் சைக்கிள் திருடர்கள் காட்டினார்கள். அந்த விழா நம் சென்னைக்கும் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்த பிமல் ராய் மறு வருடமே தோ பிகா ஜமீன் எடுத்தார்.

அறுபத்தைந்து எப்படி இருநூற்று முப்பத்தைந்து ஆயிற்று?

தோ பிகா ஜமீன் என்றால் இரண்டு பிகா நிலம். ஷம்பு என்ற ஏழை விவசாயிக்கு இருப்பது அவ்வளவுதான். ஜமீன்தார் அந்த இடத்தில் மில் கட்டப் பார்க்கிறார். ஷம்பு தன் கணக்கில் 65 ரூபாய் கடன் என்கிறான். ஜமீன் கணக்கு 235 ரூபாய் என்கிறது. கோர்ட்டும் ஜமீன் கணக்கையே ஏற்கிறது. மூன்று மாதத்தில் கட்ட வேண்டும். ஷம்பு கல்கத்தா போய் ரிக்ஷா இழுக்கிறான். ஷம்புவாக நடித்தவர் பல்ராஜ் சஹானி. பொதுவுடைமை இயக்கத்தவர், மக்கள் நாடக மன்றத்தில் பாடுபட்டவர். கல்கத்தா ரிக்ஷாத் தொழிலாளிகளோடு பழகி, ரிக்ஷா இழுத்துப் பழகிய பிறகே நடித்தார்.

சில வருடங்களுக்கு முன் தஞ்சைப் பக்கம் ஒரு கிராமத்தில், விவசாயத் தொழிலாளர் தெருவில், இந்தப் படத்தைப் போட்டோம். இரண்டு கம்பத்துக்கு நடுவே வெள்ளை வேட்டி, அதுதான் திரை. இந்தி தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நான் பக்கத்தில் நின்று இடையிடையே கதை சொன்னேன். கடன் கணக்கு வந்த இடத்தில் ஒரு பாட்டி எழுந்து, "அதென்னய்யா, அறுபத்தஞ்சு எப்படி இருநூத்தி முப்பத்தஞ்சு ஆச்சு?" என்று கேட்டார். தெருவே சிரித்தது. ஏன் சிரித்தது? அந்தக் கணக்கு அங்கே எல்லோருக்கும் தெரியும்! கடைசியில் ஷம்பு தன் நிலத்து மண்ணில் ஒரு பிடி எடுக்கிறான். காவல்காரன் அதையும் போடச் சொல்கிறான். அப்போது யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பாட்டி மட்டும், "ஒரு பிடி மண்ணு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இன்னும் சில படங்கள்

ஐஸன்ஸ்டைன் 1925இல் எடுத்த போட்டெம்கின் போர்க்கப்பலை அவசியம் பாருங்கள். 1905ஆம் வருட ரஷ்யக் கப்பல் கலகம்தான் கதை. எதில் தொடங்குகிறது? சாப்பாட்டில். மாலுமிகளுக்குக் கொடுத்த இறைச்சியில் புழு நெளிகிறது. டாக்டர் கண்ணாடியை மடித்து அதன் வழியாகப் பார்க்கிறார். உப்புத் தண்ணீரில் கழுவினால் போய்விடும் என்கிறார்! 1946 பிப்ரவரி 18ந் தேதி பம்பாயில் தல்வார் கடற்படைத் தளத்தில் நம் மாலுமிகள் மூட்டிய நெருப்பும் மோசமான சாப்பாட்டில் பற்றிக்கொண்டதுதான். பேசாத படம், கறுப்பு வெள்ளை. ஆனால் கொடி ஏறும் இடத்தில் பிலிமில் கையாலேயே சிவப்புத் தீட்டினார்கள். அந்த ஒரு நிறம்தான் படம் முழுவதிலும்.

சாப்ளினின் மாடர்ன் டைம்ஸ் 1936இல் வந்தது. மில் தொழிலாளிக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. சாப்ளின் முடுக்குகிறார், முடுக்குகிறார், பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது. கக்கூஸில் ஒரு நிமிஷம் நின்றால் சுவரில் முதலாளியின் முகம் தோன்றி விரட்டுகிறது! சாப்பாட்டு நேரத்தை மிச்சம் பிடிக்க ஊட்டிவிடும் இயந்திரம் வேறு. ஒரு லாரியிலிருந்து விழுந்த சிவப்புத் துணியை எடுத்து, "ஐயா, உங்கள் துணி" என்று ஆட்டிக்கொண்டு ஓடுகிறார். பின்னால் ஓர் ஊர்வலம் வந்து சேருகிறது. தலைவன் இவன்தான் என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. கோவைப் பக்கம் ஒரு மில் தொழிலாளர் குடியிருப்பில் இதைப் போட்டபோது குழந்தைகள் சாப்ளினைப் பார்த்துச் சிரித்தார்கள். பெரியவர்கள் மேஸ்திரியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

தமிழில் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். செய்தோம். தேசப் பிரிவினை அகதிகளைப் பற்றி 1950இல் சின்னமூல் என்ற வங்கப் படம் எடுத்த நிமாய் கோஷ் சென்னைக்கு வந்து சேர்ந்தார். 1960இல் அவர் எடுத்ததுதான் பாதை தெரியுது பார். தோழர்கள் கூடிச் செய்த முயற்சி. எம்.பி. சீனிவாசன் இசை, பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் கே.சி.எஸ். அருணாசலமும் ஜெயகாந்தனும் பாடல்கள். படம் தியேட்டரில் நிற்கவில்லை. ஆனால் பாட்டு நின்றது. நிமாய் கோஷும் எம்.பி. சீனிவாசனும் சினிமாத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டப் பாடுபட்டார்கள். அது இன்றும் நிற்கிறது. 1965இல் ஜெயகாந்தன் சேரி மக்களின் வாழ்க்கையை உன்னைப்போல் ஒருவன் என்று படமாக்கினார். வெண்மணியில் 1968 டிசம்பர் 25ந் தேதி 44 பேரை எரித்த கொடுமையை ஒட்டி எழுதப்பட்ட குருதிப்புனல் நாவலிலிருந்து 1983இல் கண் சிவந்தால் மண் சிவக்கும் வந்தது. எண்ணிக்கை குறைவுதான். ஆனால் ஒன்றுமே இல்லை என்று சொல்லாதீர்கள்.

நைனா கேட்ட கேள்வி

கடைசியாக ஒன்று. 2009இல் எங்கள் கால்வாய் ஓரத்திலேயே சைக்கிள் திருடர்கள் படத்தைப் போட்டேன். நைனாவும் வந்து உட்கார்ந்தார். அப்போது அவருக்கு இருமல் அதிகம். முடியும்வரை அசையவில்லை. எல்லோரும் போன பிறகு கம்பத்திலிருந்து வேட்டியை அவிழ்த்துக்கொண்டே சொன்னேன்: "நைனா, அறுபத்துமூவர் அன்னிக்கு நான் அங்கதான் இருந்தேன். உன்னை யாருன்னு கேட்டான். தெரியாதுன்னுட்டேன்."

"தெரியும்டா" என்றார். "பந்தல்கிட்ட நின்னுக்கினு இருந்த. பார்த்தேன். நீ கிட்ட வராம போனதே நல்லதுன்னு நினைச்சேன். வந்திருந்தா என்னால நின்னிருக்க முடியாது."

பதினான்கு வருடம் நான் சுமந்ததை அவரும் சுமந்திருக்கிறார்! இருவரும் ஒரே வீட்டில், ஒரே பாரத்தை, தனித்தனியாக!

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "ஏண்டா, மறுநாள் காலையில அந்த ஆளு இன்னா பண்ணான்?"

தோழர்களே, நான் எத்தனையோ கூட்டங்களில் இந்தப் படத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. படம் அதைச் சொல்லவில்லை. விடிந்தால் வேலைக்குப் போக வேண்டும், சைக்கிள் இல்லை. என்ன செய்வான்? மில் மூடிய மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்தவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் படத்திலேயே ஒரு இடம் இருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது நான் கவனிக்கவில்லை. சைக்கிள் போன அன்றிரவு அந்தோனியோ ஒரு நிலவறைக் கூடத்துக்கு ஓடுகிறான். அங்கே தொழிலாளர் கூட்டம் நடக்கிறது. ஒருவர் வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். இவன் தன் சிநேகிதனைத் தேடிக் கேட்கப் போனால், சத்தம் போடாதே என்று அடக்குகிறார்கள். வேலையின்மை பற்றிய பேச்சு நடக்கிறது. வேலை போகப் போகிறவனுக்கு அங்கே காது கொடுக்க ஆளில்லை! பிறகு அந்தச் சிநேகிதன், பயோக்கோ என்ற துப்புரவுத் தொழிலாளி, விடியற்காலையில் தன் கூட்டாளிகளை அழைத்துக்கொண்டு சந்தைக்கு வருகிறான். நீ டயரைப் பார், நீ பிரேமைப் பார், புரூனோ மணியையும் பம்பையும் பார் என்று வேலையைப் பங்கிட்டுத் தேடுகிறார்கள். சைக்கிள் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு காலை அந்தோனியோ தனியாக இல்லை. அவர்களும் தங்கள் வேலைக்குப் போக வேண்டியவர்கள்தானே? அவர்கள் போன பிறகுதான், தனியாக விடப்பட்ட பிறகுதான், அவன் திருடனாகிறான்.

இருபது வருடத்துக்கு மேலாக மேடையில் பேசுகிறவன் நான். அந்தப் படத்தில் நான் யார்? பேசிக்கொண்டிருப்பவனா? சத்தம் போடாதே என்று அடக்குபவனா? பயோக்கோவா? ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் இந்தக் கேள்வி என்னைக் குத்துகிறது. குத்தட்டும். நல்ல படம் குத்தத்தான் வேண்டும்.

நைனா 2011இல் காலமானார்.

இளம் தோழர்களே! எங்கள் காலத்தில் ஒரு நல்ல படம் பார்க்க யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனிலேயே இவற்றில் பல கிடைக்கின்றன. ஆனால் தனியாகப் பார்க்காதீர்கள். ஒரு வேட்டியைக் கட்டுங்கள். தெருவைக் கூப்பிடுங்கள். முக்கியமாக, வீட்டிலுள்ள பெரியவர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். படம் முடிந்ததும் நீங்கள் பேச ஆரம்பித்துவிடாதீர்கள். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கேளுங்கள்.

நான் பதினான்கு வருடம் தாமதித்தேன். நீங்கள் தாமதிக்காதீர்கள்.